கலாவதிக்குப் பூஜ்ஜியம்

காஞ்சிபுரத்தில் கோபமே வராத ஒரே மனிதன் நான். தற்பெருமை இல்லை; உயரம், எடை மாதிரி இதுவும் ஒரு தகவல். ‘கையை ஓங்குகிறவனுக்கு மூளை தோள்பட்டையில் இருக்கிறது’ என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் எழுதியவனும் நான்தான். முதல்வர் கூப்பிட்டுக் கையை ஓங்கினார். நான் அவர் தோள்பட்டையைப் பார்த்தேன்.

பரமசிவம் சார், உங்கள் பள்ளிக்கூடத்துக் கலாவதி இந்த ஜூனில் ஏன் ஒன்பதாம் வகுப்பில் சேரவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

பி.ஏ.வில் எனக்கு உளவியல். பிள்ளைகளின் எரிச்சலை அளக்க ஒரு முறை கண்டுபிடித்துவிட்டதாக வகுப்பில் அறிவித்திருந்தேன். மாலையில் என்னிடம் பாடம் கேட்க வரும் தெருப் பிள்ளைகளிடம் சிக்கு விழுந்த பட்டு நூலைக் கொடுப்பேன். முனையைத் தேடிப் பிரிக்க வேண்டும். முனைகளை நான் முன்பே கஞ்சி தடவி உள்ளே ஒட்டியிருப்பேன். உதட்டைக் கடித்தால் ஒன்று, நூலை வீசினால் ஐந்து, பக்கத்திலிருப்பவரை அடித்தால் பத்து. அர்ஜுனன் நூலைக் கடித்துத் துப்பிவிட்டுத் தன் தம்பியையும் அடித்தான். நல்ல பையன், அறிவியலுக்கு ஒத்துழைத்தான்.

கலாவதி மட்டும் பிரித்துக்கொண்டே இருந்தாள். போதும் என்றேன்.

“இருண்ணா. எங்கியாச்சும் ஒரு முனை இல்லாமலா பூடும்?”

பூஜ்ஜியம். இதை வகுப்பில் சொன்னபோது வேணுகோபால், “உன் தராசுல முள்ளே இல்லியாபா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இன்னும் பெரிய எடைக்கல் வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

அப்போது அவள் அப்பா துரைக்கண்ணுவின் தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். அப்படியென்றால் கரைப் பக்கம் குறுக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் கலாவதி. புடவை பழுதில்லாமல் இறங்கினால் அவளுக்குப் பதில் வேறு ஆளை உட்காரவைத்து, அவளைப் படிக்க அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவளே என்னிடம் சொன்னாள், குதித்துக்கொண்டு. ஆசை எவ்வளவோ, அது தடைபட்டால் அவ்வளவு எரிச்சல் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

கருட சேவையன்று விடியலில் தெருவே பெருமாளைச் சேவிக்கப் போய்விட்டது. பென்சில் சீவும் பிளேடோடு அவர்கள் வீட்டுக்குள் போனேன். தறியில் நெடுக்காக ஓடும் பாவு இழைகளில் ஒரு கைப்பிடி, சரியாக அவள் உட்காரும் பக்கத்தில். பட்டு அறுபடும்போது சத்தம் வருவதில்லை, சார்.

அவர்கள் திரும்பி வந்தபோது நானும் கூடவே போய் நின்றுகொண்டேன். பார்க்காமல் எப்படி அளப்பது?

“மடியில புக்கை வச்சிக்கினு நாடா தள்ளுனா இப்டிதான் ஆவும்,” என்று துரைக்கண்ணு அடித்தார். “இனிமே இஸ்கோலும் வாணாம், ஒண்ணும் வாணாம். தறியில உக்காரு.”

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதட்டைக்கூடக் கடிக்கவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்தாள்.

“தறிக் குழியில கெடந்துச்சிண்ணா. உன்னுதுதானே? பென்சில் சீவ வோணுமில்ல.”

“அப்பாகிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா உன்னெ அடிப்பாரு. நீ தாங்க மாட்டண்ணா.”

அறைந்தேன். அவள் விரல்கள் தானாக மூடிக்கொண்டன. பிளேடு உள்ளே இருந்தது. இப்போது நாடாவை இடது கையால் தள்ளுகிறாள்.

துரைக்கண்ணுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், சார். கூடவே நானும் வருகிறேன். கோபத்தில் அறைந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்குத்தான் கோபமே வராதே.