ஓரகத்திக்குப் பிடுங்கிய பல்

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காள் தங்கை இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அக்காளுக்கு ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது.

“என் ஓரகத்திக்குப் போன ஒடனே பல்லைப் பிடுங்கி விட்டுட்டாகடி. எனக்கு மட்டும் பிடுங்க மாட்டேன்னுட்டாக,” என்று அவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

“ஏன்க்கா?”

“நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குல்ல, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை திங்கேன். இருதய டாக்டர்ட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்னாரு பல் டாக்டரு. வீட்டுல அவ பல்லைப் பிடுங்கிட்டு வந்து மகாராணி கணக்காப் படுத்திருக்கா. மாமியா கஞ்சி காய்ச்சிக் குடுக்காக. எனக்கு இம்புட்டு வலியோட அடுப்படி வேல. வயிறு எரிஞ்சிச்சு. மாத்திரைய நிப்பாட்டிட்டேன்.”

“ஐயையோ! யாருட்டக் கேட்டு?”

“யாருட்டயும் கேக்கல. நேத்து பல் டாக்டர்ட்டப் போயி, மாத்திரைய விட்டுட்டேன், இப்பப் பிடுங்குங்கன்னேன். மனுசன் பதறிட்டாரு. மதுரைக்குப் போன் போட்டு இருதய டாக்டர்ட்டப் பேசினாரு. மாத்திரைய விட்டா ஸ்டென்ட் அடைச்சு உசுரே போயிரும்மா, தின்னுக்கிட்டே பிடுங்கலாம், ரத்தம் நிக்கக் கொஞ்சம் நேரமாகும், தையல் போட்டுப் பாத்துக்கிடலாம்னாரு. இன்னைக்கு வரச் சொல்லிருக்காரு.”

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உசுரு போயிரும்னதும் பயந்துட்டியாக்கா?”

“உசுருக்கு என்னடி. நான் செத்தா பீரோ சாவி அவ இடுப்புக்குல்ல போகும்? வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா மாத்திரைய முழுங்கிட்டேன்.”