கத்துக்குட்டியின் கேள்வி

நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியவன் இல்லை. வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள். கணினி நிரல் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்கும் ஓர் இணையக் குழுவுக்கு நான் அட்மின். சம்பளமில்லாத தலைவலி. என்னை அங்கே 'வாத்தியார்' என்பார்கள். கேட்ட கேள்வியையே யாராவது திரும்பக் கேட்டால், பழைய பதிலைக் காட்டிவிட்டு அந்தக் கேள்வியை மூடிவிடுவேன். அதற்குப் பிறகு யாரும் அதில் பதில் எழுத முடியாது.

'கத்துக்குட்டி' என்ற பெயரில் ஒருவன் இருந்தான். அவன் அம்மா மூச்சுக்கருவியோடு படுக்கையில். அவருக்கு மூச்சு குறைந்தால் தன் செல்போனில் மணி அடிக்க அவனே நிரல் எழுதியிருந்தான். இணையம் ஒரு கணம் அறுந்தாலும் அது சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். நான் பழைய கேள்வி ஒன்றைக் காட்டி மூடினேன். "முதல்ல படிச்சுட்டு வாங்க தம்பி" என்று எழுதினேன்.

"அண்ணே, அது வேற பிரச்சினை. அம்மா விஷயம், கொஞ்சம் பாருங்கண்ணே" என்று தனியாக இன்னொரு பதிவு போட்டுக் கெஞ்சினான். கெஞ்சல்களை வைத்திருக்கக் கூடாது என்பது குழுவின் விதி. அழித்துவிட்டேன்.

பிறகு அவன் அக்கா குழுவில் எழுதினாள்: "மணி அடிக்கல. அம்மா போயிட்டாங்க. தம்பி யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே அழுதேன். தெரியாமல் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள் என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். வாத்தியாருக்குப் பெரிய மனசு என்றார்கள்.

மனைவி மட்டும் கேட்டாள்: "அந்தப் பையன் கேட்டதுக்கு உங்களுக்குப் பதில் தெரியுமா?"

"தெரியும். ஒரே வரி."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்களிடம் மறைப்பானேன். அவன் கேள்வியை மூடியதற்கு முந்தின வாரம் என் பதிலில் இருந்த பிழையை அவன்தான் சபையில் காட்டினான். "இந்த இடத்துல சறுக்கிட்டீங்களோண்ணே?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடையது வேறு கேள்வி என்று தெரிந்தேதான் மூடினேன். கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பாவம், அந்த அம்மா அதற்குள் போய்விடுவார் என்று யார் கண்டது.

நேற்று ஒரு பெண் தன் கைக்குழந்தைக்காக அதே சந்தேகத்தைக் கேட்டிருந்தாள். பதில் சொன்னால், பதில் தெரிந்துகொண்டே கத்துக்குட்டியின் கேள்வியை நான் மூடியது வெளியே வந்துவிடும். அந்தப் பழைய பதிலையே காட்டி மூடினேன். ஆனால் இந்த முறை மிகவும் மரியாதையாக எழுதினேன்.