தட்டைக் காலி செய்தது நான்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் விசாரணை அதிகாரி மேலே எழுதிக்கொண்டார். வயது எழுபத்தெட்டு இருக்கும். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துப் பிழைத்தவன். எழுதப் படிக்கத் தெரியாது. இந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சர்க்கரை வியாதிக்காகச் சேர்க்கப்பட்டிருப்பவர் என் மனைவி. நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். சாப்பிடாத தாய்க்கு நர்ஸ் ஊசி போட்டுவிட்டார் என்று புகார் கொடுத்தவன் என் மகன். அது சம்பந்தமாக நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவிக்குச் சாப்பாடு சரியாக இறங்காததால், சாப்பிட்டு முடித்த பிறகே ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அந்த நர்ஸ் எங்கள் இருவருக்கும் விளக்கி, "சாப்பிடாம இந்த ஊசி போட்டா சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துடும். பாதி மிச்சம் வெச்சாலும் எங்கிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

சம்பவத்தன்று மதியம் தட்டு வந்தது. சாப்பாடு நோயாளிக்கு மட்டும்தான். நான் கடையில் சாப்பிட்டுவிட்டேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அதற்கு அவள், "கடையில சாப்பிட்ட மூஞ்சியா இது? எனக்குக் குமட்டுது, நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறம் பையில இருக்கற பன்னைச் சாப்பிட்டுக்கறேன்" என்று தட்டை என் மடியில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அதன் பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அதன் பிறகு நர்ஸ் ஊசியுடன் வந்து, "அம்மா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். "ஆச்சும்மா, தட்டைப் பாரு" என்றாள் என் மனைவி. "கழுவவே வேண்டாம் போலிருக்கே" என்று நர்ஸ் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நிஜந்தானா ஐயா?" என்றார். போர்வைக்கு அடியில் என் மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் தலையை ஆட்டினேன். அதன் பிறகுதான் ஊசி போடப்பட்டது.

அதன் பிறகு என் மனைவி பன்னைத் தொடாமல் கண்ணயர்ந்துவிட்டாள். அசதி என்று நினைத்து நான் எழுப்பவில்லை. யாரும் கூப்பிடாமலே அந்த நர்ஸ் திரும்பி வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ரவிக்கை நனைந்துபோகும் அளவுக்கு வியர்த்திருந்தது. தட்டி எழுப்பியதும் என் மனைவி என்னைக் காட்டி, "இந்த ஆள் யாரு? பொம்பளைங்க இருக்கற இடத்துல இவனுக்கு என்ன வேலை?" என்று குழறினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அவன் இவன் என்றதில்லை. நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் ஏற்றினார். கண் தெளியும் வரை அவளுடைய கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். தெளிந்ததும் என் மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க ஏன் அழறீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

அதன் பிறகு வந்த என் மகன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துப் பதறிவிட்டான். தாய் மேல் உயிரையே வைத்திருப்பவன். வெட்கத்தால் நான் நடந்ததை அவனிடம் சொல்லவில்லை. தாய் சாப்பிடவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டு புகார் கொடுத்துவிட்டான். அந்த நர்ஸை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்து அதிகாரி வாசித்துக் காட்டியபோது, சாப்பிட்டாச்சு என்று என் மனைவி பொய் சொன்ன இடத்தை மட்டும் அடித்துவிடச் சொன்னேன். அதை அடித்தால் நர்ஸ் கேட்டதற்கே சாட்சி இல்லாமல் போகும் என்றார். அனுமதி பெற்றுக் கட்டிலுக்குப் போய் அவளிடமே கேட்டேன். "இருக்கட்டும், எழுதச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு வேலைக்கு வரணும். ஆனா எதுக்காகச் சொன்னேன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே எழுதிக்கொள்ள வேண்டியது: நான் பசியோடு இருந்ததால் என் மனைவி பொய் சொன்னாள்.

இதை மறுபடியும் முழுக்க வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் இதுதான்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)