மெயின் ஆஃபா?

தரணி, அந்தச் செல்லை உள்ளே வை. வெளிச்சம் இருந்தால் நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு வந்த இடத்தில், இந்தத் திருச்சானூர் லாட்ஜ் மொட்டைமாடியில், தூக்கம் வராமல் நீங்கள்தானே கதை கேட்டீர்கள்? வேணு கீழே ரூமில் தூங்கிவிட்டான். அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இது அவன் தங்கை புருஷன் ஹேமநாத்துக்கு நடந்தது.

போன மே மாதம். ராத்திரி ஏழே முக்கால். குடிபாலாவைத் தாண்டி மாந்தோப்புக்குள் போகிற மண்ரோடு... ஈ காக்கை கிடையாது. மத்தியானம் அடித்த காற்றில் லைன் அறுந்து ஊரே இருட்டு. ஹேமநாத் சித்தூரில் வேலையை முடித்துவிட்டு பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தான். தூரத்தில் ஒரே ஒரு வீட்டில் வெளிச்சம். அவன் வீடுதான். மாடியில் சோலார், உள்ளே பேட்டரி. ஊர் இருட்டில் கிடக்கும்போது அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. அன்றைக்கு மட்டும் வண்டியை மெதுவாக்கினான்.

ஏனென்றால் சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு காற்றில்...

அப்போது அவன் பேட்டரியை வீட்டு வயரிங்கோடு ஒழுங்காக இணைத்திருக்கவில்லை. இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர். ஒரு முனையை இன்வெர்ட்டரில் செருகி, மறுமுனையைச் சுவரில் செருகினால் வீடு முழுக்க எரியும். ஆனால் முதலில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் வீட்டோடு நிற்காது, வெளியே கம்பத்துக்கும் ஏறும். மெயின் பெட்டி வெளிச்சுவரில் இருந்தது. வெளியே தூறல். உள்ளே டிவியில் கிரிக்கெட். சோம்பேறிக்கு இது போதாதா?

அறுந்த லைனைக் கட்ட வந்த லைன்மேன் ரமணா, ஏறும் முன் கையிலிருந்த கட்டிங் பிளேயரால் கம்பத்தை மூன்று தட்டு தட்டுவான். அது அவன் வழக்கம். டிங்... டிங்... டிங்.

"ஹேமண்ணா, மெயின் ஆஃபா?"

"ஆஃப்தான்பா, நீ வேலையப் பாரு," என்றான் ஹேமநாத், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம்... ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. அப்புறம் முடி கருகும் வாடை. ஹேமநாத் எழுந்து ஓடினான். ரமணாவிடம் இல்லை. அந்த வயரைப் பிடுங்கிக் கிணற்றில் போட ஓடினான். அதன் பிறகுதான் ஊரைக் கூப்பிட்டான். "குடிச்சிட்டு ஏறினான், வாசன வந்துச்சு" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னான், பாவி. போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. செத்தவன் வந்து இல்லையென்றா சொல்லப் போகிறான்?

அப்புறம் ஆள் வைத்து வயரிங்கை ஒழுங்காக மாற்றிவிட்டான். ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது, அந்த மண்ரோட்டில், அவன் செல் அடித்தது. பெண்சாதி தேவயானி.

"இன்னாங்க... கம்பத்து மேல யாரோ ஏறிக்கினு இருக்காங்க. மெயின் ஆஃபான்னு கேக்கறாங்க."

அவன் பிரேக்கை மிதித்தான். "பதில் சொல்லாத."

"ஆஃப்னு சொல்ட்டேனே."

கட்டாகிவிட்டது.

வண்டி எப்படிப் பறந்தது என்று அவனுக்கே தெரியாது. வாசலில் பைக்கைத் தள்ளிவிட்டபோது தலைக்கு மேல்... டிங்... டிங்... டிங். நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே எல்லா விளக்கும் கண் கூச எரிந்தது. தேவயானியின் வலது கை இன்வெர்ட்டர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பல் கிட்டிப்போயிருந்தது. அதே முடி கருகும் வாடை. பேட்டரி சுவிட்சைப் பார்த்தான். ஆஃபில்தான் இருந்தது.

ஷாக் அடிக்கிறவரைக் கையால் தொடக் கூடாது, காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும். மூலையில் மாங்காய் பறிக்கிற கொம்பு இருந்தது. ஓங்கி அவள் முழங்கையில் அடித்தான். கை விடவில்லை. இன்னொரு அடி. எலும்பு முறிந்தது கொம்பு வழியாக அவன் உள்ளங்கைக்கே தெரிந்தது. இன்னொன்று. ரத்தம் சுவரில் தெறித்தது. அப்போதும் விடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் வெளியே உயரத்திலிருந்து ஒரு குரல், நிதானமாக...

"ஹேமண்ணா, மெயின் ஆஃபா?"

ஆறாவது அடியோ, ஏழாவதோ... ஹேமநாத் கதறிவிட்டான். "ஆன்ல இருக்குது ரமணா. அன்னிக்கும் ஆன்லதான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

விளக்கெல்லாம் அணைந்தன. அவள் பொத்தென்று விழுந்தாள்.

உயிர் பிழைத்தாள். சித்தூர் ஆஸ்பத்திரியில் கைக்குள் தகடு வைத்தார்கள். நாளைக்கு முகூர்த்தத்தில் பாருங்கள், இடது கையால்தான் அட்சதை போடுவாள். ஆனால் அவள் உடம்பில் கரண்ட் சுட்ட காயம் ஒன்றுகூட இல்லை என்றார் டாக்டர். எல்லாமே கொம்படி. அவள் செல்லிலிருந்து அன்றைக்கு யாருக்கும் கால் போகவே இல்லை. இரண்டு நாளாக மேகமூட்டம், பேட்டரி மத்தியானமே காலி. மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு புருஷன் வருவான் என்று உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்.

"உள்ள வந்தாரு. கொம்ப எடுத்தாரு. மெயின் ஆஃபா, மெயின் ஆஃபான்னு கேட்டுக்கினே அடிச்சாரு. ஆஃப்தான், ஆஃப்தான்னு நான் கத்தறேன்... சொல்லச் சொல்ல அடி ஜாஸ்தியாச்சு. அது அவரு குரலே இல்ல சார். அவர அவரே ஹேமண்ணான்னு கூப்டுக்கினு இருந்தாரு."