நான் இங்கதான கீறேன்

சாயங்காலம் நாலே முக்கால். மழைக்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை... ஓர் ஆள் நடக்கத்தான் இடம். ரெண்டு பக்கமும் பிரம்புப் புதர். மேலே வானமே தெரியாது.

கீழ்வீட்டு பாபு இருக்கிறானே, அவன் அக்கா வீட்டுக்காரர் கிருபாகரனுக்கு நடந்தது இது. அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். போன ஜூனில், கேரள எல்லையோரச் சரணாலயம் ஒன்றுக்கு மனைவி எழிலரசியோடு போயிருந்தார். வனக்காவலர் துணை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். முன்னால் காவலர் திருமுருகன், நடுவில் கிருபாகரன், கடைசியில் எழிலரசி.

அட்டை ஏறாமலிருக்கப் போட்ட காலுறை நழுவியது. குனிந்து இழுத்துக் கட்டினார். அரை நிமிஷம்கூட இருக்காது. நிமிர்ந்தால்... எழிலரசியின் நீல மழைக்கோட்டு அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

எப்படித் தாண்டினாள்? உரசாமல் போக முடியாதே... சரி, கவனிக்கவில்லை போல என்று நடந்தார்.

சில்வண்டுச் சத்தம் பட்டென்று நின்றது. அழுகின இலை வாடை. பின்னாலிருந்து ஒரு குரல்.

"கிருபா... நில்லுப்பா. கால் மாட்டிகினு கீது."

எழிலரசியின் குரல். பதினோரு வருஷமாகக் கேட்கும் குரல்.

முன்னால் போன நீலக் கோட்டு நின்று திரும்பியது. அதுவும் எழிலரசிதான். நெற்றியில் மழைத்தண்ணீர் வழிய, சாதாரணமாகக் கேட்டாள்.

"யார தேடுற? நான் இங்கதான கீறேன்."

பின்னால் மறுபடி... "வலிக்குது கிருபா."

கிருபாகரன் வந்த வழியே ஓடினார். பாதை வளைவில் யாருமில்லை. குரல் பத்தடி தள்ளிக் கேட்டது. அங்கே போனால் அதற்கும் பத்தடி தள்ளி. திருமுருகன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

"வந்துருங்க சார். இருட்டுனா யானை எறங்கும்."

"உங்களுக்கும் கேக்குதா அண்ணாத்தே?"

திருமுருகன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மூணு பேரும் வெளியே வந்து ஜீப் அருகே உட்கார்ந்து, உப்பைத் தேய்த்து அட்டைகளை உதிர்த்தார்கள். கிருபாகரன் காலில் பதினேழு. காவலர் காலில் ஒன்பது. எழிலரசி காலில்... ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை வன அலுவலகத்துக்குப் போனார். "பொண்டாட்டிய காணோம் சார்" என்றார். அதிகாரி எழுதப் பேனாவை எடுத்தவர், வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பெஞ்சில் எழிலரசி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவங்க யாரு?"

கூடவே இருக்கிறவளைக் காணவில்லை என்று கிருபாகரன் யாரிடம் போய்ச் சொல்வது? யாரைத் தேடச் சொல்வது?

சென்னையில் முகப்பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அவள் வழக்கம்போல வேலைக்குப் போகிறாள். குழம்பு அதே ருசி. கல்யாணத்தன்று பந்தியில் யார் சண்டை போட்டார்கள் என்பதுவரை சொல்கிறாள். பாபு போனால், "இன்னாடா இளைச்சிட்ட" என்று உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவளும் அவரும் மட்டும்தான்; குழந்தை இல்லை. ராத்திரி அவர் சுவர் பக்கம் திரும்பி, தூங்குவதுபோல் படுத்திருப்பாராம்.

ரெண்டு தடவை அவளில்லாமல், காவலர் துணையோடு காட்டுக்குப் போனார். ரெண்டு தடவையும் குரல் கேட்டது, ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை, அவருக்கு மனநிலை சரியில்லை என்று எழுதி வன அலுவலகத்தில் அனுமதியை மறுத்துவிட்டார்கள்.

சரியாக ஒன்பது மாசம் கழித்து, இந்த மார்ச்சில் திருமுருகன் போன் செய்தார். கிருபாகரன் பால்கனிக்குப் போய் எடுத்தார்.

"சார்... இன்னைக்கு அந்த வளைவுப் பக்கம் ரோந்து போனேன்."

"இன்னும் கூப்டுறாளா?"

"கூப்பிடுறாங்க சார். கூடவே... ஒரு கைக்குழந்தையும் அழுவுது."