சாலம்மாளுக்கு நான் படித்த கடிதங்கள்

டீயைக் கொட்டியவன் நான்தான், ருக்சார் மேடம். அன்றைக்குப் பூனைமேல் பழி போட்டது தவறு. நம் அலுவலகத்தில் பூனையே கிடையாது என்பதை நீங்களும் கவனித்திருக்கலாம்.

விளக்கம் கேட்டிருக்கிறீர்கள், எழுதுகிறேன். விவாகரத்தாகித் தடுமாறுகிற பெண்களுக்காகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் சனிக்கிழமைதோறும் நீங்கள் நடத்தும் வகுப்பில், நாற்காலி போடுகிறவன், டீ வாங்குகிறவன், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருகிறவன் எல்லாம் நான்தான். நெஞ்சில் கை வைத்து, உயிர்த்தோழிக்குச் சொல்வதுபோலத் தனக்குத்தானே இதமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதைக் கடிதமாக்கி, ஒரு மாதம் கழித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். அது உங்கள் வைத்தியம். சாலம்மாளுக்கு எழுத்து தெரியாது. அவள் சொல்ல நான் எழுதினேன். மாதம் கழித்து நானே படித்தேன். பேனாவையும் வாயையும் ஒரே ஆளிடம் கொடுத்தது உங்கள் தவறு என்று சொல்ல வரவில்லை. சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

அவளுடைய முதல் கடிதத்தில்தான் டீ கொட்டியது. மை கரைந்துவிட்டது. கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்து, கரும்பு வெட்டிக் காய்த்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். “சாலா, அவன் அடிச்சதுக்கு நீ காரணம் இல்லடி. ஓசூருல ஒங்கக்கா கூப்புடுறா, கெளம்பு” என்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால் கிளம்பிவிடுவாள். என் ஜோக்குகளுக்கு மற்ற ஏழு பெண்களும் மரியாதைக்குச் சிரிப்பார்கள். அவள் ஒருத்திதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிஜமாகவே சிரிப்பாள். நாற்பத்தெட்டு வயதுத் தனிக்கட்டைக்கு அது சின்ன விஷயமில்லை. அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

நனைந்த தாளைப் பார்த்து, “அவசரப்படாத சாலா, இன்னும் கொஞ்ச நாளு இங்கயே இரு” என்று படித்தேன். சரிங்கண்ணா என்றாள். ஓசூருக்குப் போகவில்லை.

அதன் பிறகு நான் டீயைக் கொட்டவில்லை. தேவைப்படவில்லை.

ஆனால் அவள் தேறிக்கொண்டே வந்தாள். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கே வரவில்லை. அன்று எட்டு மணியிலிருந்து ஜன்னலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தேன். கச்சிராயபாளையம் பஸ் ஒவ்வொன்றிலும் இறங்கிய முகங்களைப் பார்த்தேன். உங்கள் வைத்தியத்தில் இருக்கும் குறை அப்போதுதான் புரிந்தது. குணமானவர்கள் திரும்பி வருவதில்லை.

அடுத்த முறை, “நீயும் கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போயிருக்கலாம் சாலா” என்று ஒரு வரி சேர்த்துப் படித்தேன். அழுதாள். டீ வாங்கிக் கொடுத்து ஒரு ஜோக் சொன்னேன்; அழுகையோடே சிரித்தாள். அதற்கடுத்த மாதம், “ஒன் வாய்தான் அவனக் கை நீட்ட வச்சிது.” மறுபடி அழுகை, மறுபடி டீ. அப்புறம் அவள் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. எல்லாம் பரிவினால் செய்ததுதான். அழுகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா?

ஆறாவது மாதம் அவள் பழைய புருஷன் சின்னதுரை வீட்டுக்குப் போனாள், மன்னிப்புக் கேட்க. அடி தாங்காமல் கோர்ட்டில் அத்துக்கொண்டு வந்தவள் மறுபடி வாசலில் போய் நின்றால் அவன் என்ன செய்வான் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இனி கரும்பு வெட்ட முடியாது என்கிறார்கள்.

மூன்று நாள் பிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனாய் என்று மூன்று நாளும் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. வார்டுக்கும் கேட்டுக்குமாக நடந்தேன். நேற்று பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: நான் படித்தது எதுவும் நீ சொன்னதில்லை, எல்லாம் என் கைச்சரக்கு, எழுத்து தெரியாதவள் என்று ஏமாற்றிவிட்டேன். திடுக்கிடுவாள், திட்டுவாள், பிறகு மன்னிப்பாள் என்று அந்த வரிசையிலேயே எதிர்பார்த்தேன்.

அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“எழுத்துதாண்ணா தெரியாது. நான் இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? மொத மாசமே தெரியும். எல்லாரையும் சிரிக்க வைக்கிற மனுசன், மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்பட்டுக்கினு காயிதத்தப் பாத்து சொல்றாருன்னு நெனச்சேன். இம்மாம் நல்லவரே எம்மேலதான் தப்புன்றாரேன்னுதாண்ணா அவன் வூட்டுக்குப் போனேன்.”