வேணும்னு சொல்ல எத்தனை வார்த்தை

— அதுக்கு ஆசைன்னு பேரு இல்ல ரேணு. தண்ஹா. பாலி பாஷைல அத்த அப்டித்தான் சொல்றாங்க. தண்ஹான்னா தாகம்.

— தாகம்னா தண்ணி குடிச்சா தீரணுமே.

— இது தீராது. குடிக்கக் குடிக்க இன்னும் கேக்கும். நேத்து விகாரை பாலி கிளாஸ்ல பந்தே சொன்னாரு.

— உங்க பந்தேக்குக் கல்யாணம் ஆயிருக்கா?

— புத்த பிக்குக்கு எப்டி ஆவும்? சேக்காடு விகாரைல காலைல ஒரு வேள சாப்ட்டு, அப்பால வெறும் தண்ணியோட கீற மனுசன். அவரப் போயி...

— அந்தக் கிளிப்ப எடுங்க. மழை வர்றதுக்குள்ள துணிய எடுத்துட்டுக் கீழ போகணும். சரி, சொல்லுங்க. மனசுல எதையோ வெச்சுக்கிட்டுத்தானே ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் வராததுமா என் பின்னாலயே மொட்டை மாடிக்கு வந்தீங்க.

— நாளைக்கி போவ வேணாம்னு தோணுது எனக்கு.

— ஆஸ்பத்திரிக்கா?

— ஆமா. ஃப்ரீஸ் பண்ணி வெச்ச கடைசி கரு அது. அத்தயும் ஒன் வயித்துல வெச்சு, அதுவும் நிக்கலன்னா? போன தபா நிக்கலன்னதும் நீ எப்டி இருந்தே? செவுத்தப் பாத்துகினு கெடந்தே. நான் சோறு பெசஞ்சு குடுத்தா அப்டியே கைல வெச்சிகினு ஒக்காந்திருந்தே. இன்னொரு தபா என்னால அத்தப் பாக்க முடியாது.

— அதனால?

— வுட்டுர்லாம். புடிச்சிகினு தொங்கறதாலதான் வலி. ராகன்னு ஒண்ணு கீது. பாட்டு ராகம் இல்ல, சாயம். துணில சாயம் ஏறுனா அலசுனாலும் போவாதுல்ல? மனசுல ஒரு ஆச அப்டி ஏறிக்குதாம்.

— எனக்குக் கல்யாணம் ஆன வருஷமே ஏறிடுச்சுங்க. சரி, இதுக்கு என்ன பேருன்னு சொல்லுங்க. பக்கத்து வீட்டு ஷாகிதா பாப்பாவ என் மடியில போட்டுட்டுக் கடைக்குப் போவா. நான் அதோட உச்சந்தலைய மோந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாள் அவ வந்து கதவத் தட்டினா. நான் திறக்கல.

— தூங்கிட்டியா?

— முழிச்சுத்தான் இருந்தேன். பாப்பாவும் முழிச்சிருந்துச்சு. அவ பயந்துபோய் என் பேரச் சொல்லிக் கத்துற வரைக்கும் திறக்கல.

— ரேணு...

— சொல்லுங்க. படிக்கறீங்கல்ல.

— அபிஜ்ஜா. அட்த்தவங்களுது நம்முளுதா ஆவாதான்னு மனசு அலையறது.

— அதுக்கும் பேரு வெச்சிருக்காங்களா? நான் ஒருத்திதான் உலகத்துலயே இப்படிக் கெட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்.

— நீ கெட்டவ இல்ல. அத்த வுடு.

— உங்களுக்கு இதுல எது?

— எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல. போன தபா அந்த டாக்டரம்மா உதட்டப் பிதுக்கிச்சே, அப்பவே வுட்டுட்டேன்.

— அன்னைக்குத் திரும்பி வரும்போது முகப்பேர் சிக்னல்ல பச்சை விழுந்தும் வண்டிய எடுக்காம நின்னீங்க. பஸ்காரர் இறங்கி வந்து திட்டினாரு. நான் உங்க முதுகுலதான் சாஞ்சிருந்தேன். விட்டவரோட முதுகு அப்படி நடுங்காதுங்க.

— வெயிலு அன்னிக்கி. ஒரு மாதிரி இருந்துச்சு.

— ஒண்ணு கேக்கறேன். எதுவுமே வேணாம், எல்லாம் ஒரேயடியா முடிஞ்சு தொலைஞ்சாத் தேவலன்னு தோணுதே, அதுக்குப் பாலில வார்த்தை இருக்கா?

— கீது. விபவ தண்ஹா. இல்லாமப் பூடணும்ங்கற தாகம்.

— அப்ப அதுவும் தாகம்தானா?

— அதுவும்தான்.

— அப்ப நீங்க எதையும் விடல. எங்கூடவேதான் ஓடிட்டு இருக்கீங்க, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு.

— இன்னா பேசச் சொல்றே என்னிய? கொறை எனக்குன்னுதான் ரிப்போர்ட்டு வந்துச்சு. ஊசி மட்டும் ஒனக்கு. வயிறு நீலம் பூத்துப் போச்சு ஒனக்கு. அத்தப் பாத்துகினே எனக்கும் வேணும்னு எந்த வாயால கேப்பேன்?

— கேட்டிருக்கணும். ஊசிய நான் தாங்கிக்கிட்டேன். நீங்க கேக்காம இருந்ததத்தான் தாங்க முடியல. 'எம்புள்ள ஒண்ணும் கேக்கல, நீதான் அலையற'ன்னு உங்கம்மா சொல்றாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன்.

— எங்கம்மாவா? அப்டியா சொல்லுச்சு?

— அவங்கள விடுங்க. பந்தேயையும் விடுங்க. எனக்காகச் சொல்ல வேணாம். உங்களுக்கு வேணுமா, வேணாமா?

— கம்பெனில ஃபஹீம் கீறான்ல. அவன் பொண்ணு பொறந்த நாளுக்குப் பூந்தமல்லில மண்டபம் புடிச்சு பிரியாணி போட்டானே, வயித்து வலின்னு நா போவல.

— ஆமா. கஷாயம் வெச்சுக் குடுத்தேன்.

— வலி இல்ல. அதுக்கு மொத வாரம் அந்தப் பொண்ணு கம்பெனி வாசல்ல என்னியப் பாத்து ரெண்டு கையயும் நீட்டுச்சு. தூக்குனேன். அப்பால எறக்கிவுட முடியல ரேணு. ஃபஹீம் சிரிச்சிகினே கேக்கறான், என் கை வுட மாட்டேங்குது. அவன் சிரிப்பு நின்னு போச்சு. அவன் கொயந்தய என் கைலருந்து பிரிச்சு எடுத்தான். நேரா கொரட்டூர் ஏரியாண்ட வண்டிய நிறுத்திட்டு அயுதேன். மறுபடியும் அவன் மூஞ்சில எப்டி முயிப்பேன்?

— ஏங்க எங்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ இன்னும் ஊசி போட்டுக்குவே.

— ஐயோ.

— வேணும் ரேணு. எனக்கு வேணும். ஒன்னியவிட ஜாஸ்தியா வேணும். பொண்ணோ புள்ளையோ, ஒன் மூக்கு, ஒன் நெறம், என்னிய மாதிரி ஒண்ணுமே இல்லாட்டியும் பரவால்ல. தோளு மேல ஒக்கார வெச்சிகினு ஆவடி மார்க்கெட்டுல சுத்தணும்.

— இதுக்கு என்ன பேரு?

— சந்த. எல்லா ஆசயும் கெட்டது இல்லியாம். ஒரு காரியத்துல மனசார எறங்கறோமே, அதுக்குச் சந்தன்னு பேரு. பந்தே அத்தயும் சொல்லித்தான் குடுத்தாரு. நான்தான் ஒன்னாண்ட சொல்லல.

— இப்பச் சொல்லிட்டீங்க.

— போலாம். நாளைக்கி நானே இட்டுனு போறேன். லீவு சொல்லிட்றேன். நின்னாலும் சரி, நிக்கலன்னாலும் சரி, ரெண்டு பேருமா செவுத்தப் பாத்துகினு படுத்துக்கலாம். இன்னா, அயுவுறியா? நெசமாத்தான் சொல்றேன் ரேணு, போலாம்.

— காலைல நீங்க ஷிஃப்ட்டுக்குக் கெளம்பினதும் ஆஸ்பத்திரிலேர்ந்து ஃபோன் வந்துச்சுங்க. நாளைக்கு வெக்கறதுக்காக இன்னைக்கே அந்தக் கருவ வெளிய எடுத்து உருக வெச்சாங்களாம். அது பொழைக்கலீங்க.